விரிசலின் முனை

அக்ரிலிக் மீன் தொட்டியில் விழுந்த விரிசல், தொட்டி நிறைந்திருக்கும்போது எளிதில் கண்ணுக்குப் படாது. விரிசல் என்பது இரண்டு பரப்புகளுக்கு நடுவே விழுந்த மெல்லிய இடைவெளி. அதற்குள் காற்று இருந்தால் நல்லது. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, காற்றுக்கு 1. இந்த வேறுபாட்டால், நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். 42 டிகிரிக்கு மேல் சாய்ந்து விழுந்தால் மொத்த ஒளியும் திரும்பிவிடும். காய்ந்த விரிசல் பளிச்சென்று மின்னுவது இதனால்தான். அதே இடைவெளிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் எண்கள் நெருங்கிவிடுகின்றன. தண்ணீருக்கு 1.33. திரும்பும் ஒளி 0.3 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. உள்பக்கத்தில் கிளம்பிய விரிசல் தண்ணீரை வாங்கிக்கொண்டு, பார்வைக்குத் தப்பி, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நீள்கிறது. அடியில் வைத்த பலகை ஊறி உப்புப் பூத்த பிறகுதான் பல இடங்களில் அது தெரியவருகிறது.

அதனால் சந்தேகம் வந்துவிட்டால் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, தண்ணீரை இறக்கி, சில நாள் நிழலில் காயவிட்டு, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். தெரிவது வெறும் கீறலாக இருக்கலாம். நகத்தால் வருடினால் தட்டும், ஆனால் ஆழம் போகாது. உப்புத்தாள் போட்டு, பிறகு மெருகேற்றினால் போய்விடும். பெரிய காட்சிக்கூடங்களில் முக்குளிப்பவர்கள் தண்ணீருக்குள் இருந்தபடியே இந்த வேலையைச் செய்கிறார்கள். இரண்டாவது வகை, ஒட்டுகளின் ஓரமாக நெருக்கமாக, இணை இணையாக ஓடும் மயிரிழைக் கோடுகள். இவற்றை மயிரிழைப் பிளவுகள் என்று இந்த அத்தியாயத்தில் சொல்கிறேன். மூன்றாவதுதான் உண்மையான விரிசல். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. ஒன்று எச்சரிக்கை, மற்றது காயம்.

பொருளைப் பற்றிக் கொஞ்சம். அக்ரிலிக் என்று நாம் சுருக்கிச் சொல்வதன் முழுப்பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற திரவத்தின் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலிகளாகும்போது கிடைக்கும் தெளிந்த திடப்பொருள் அது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஓட்டோ ரோமின் நிறுவனம் 1933இல் அதற்குப் பிளெக்ஸிகிளாஸ் என்று பெயர் பதிந்தது. இங்கிலாந்தில் அதே பொருள் பெர்ஸ்பெக்ஸ் ஆனது. இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் மேற்கூடுகள் இதில்தான் செய்யப்பட்டன. கூடு சிதறிக் கண்ணில் தைத்த சில்லுகளோடு வந்த விமானிகளுக்கு மருத்துவம் பார்த்த ஹெரால்ட் ரிட்லி, அந்தச் சில்லுகளைக் கண் வெறுக்காமல் ஏற்றுக்கொள்வதைக் கவனித்தார். 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் செயற்கை விழிலென்ஸைப் பொருத்தினார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992இல் அந்த லென்ஸ்களை மலிவாகச் செய்யத் தொடங்கியபின், நம் ஊர்களில் கண்புரை அறுவை செய்துகொண்ட எத்தனையோ பெரியவர்களின் கண்ணுக்குள் இருப்பது இந்தப் பொருள்தான். தண்ணீரும் உப்பும் சூழ்ந்த இடத்தில் பல்லாண்டு கெடாமல் தெளிவாக இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பெரிய தொட்டிக்கு இதைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணங்கள் உண்டு. கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு. கனம் கூடினாலும் பச்சை நிறம் ஏறாது. எல்லாவற்றையும்விட, பலகையோடு பலகையை ஒட்டி எவ்வளவு கனமும் ஆக்கலாம், எவ்வளவு நீளமும் ஆக்கலாம். ஒட்டிய இடம் தெரியாது. ஜப்பானின் ஒகினாவா சுராவுமி காட்சிக்கூடத்தில் திமிங்கிலச் சுறாக்கள் நீந்தும் தொட்டியின் முகப்பு 8.2 மீட்டர் உயரம், 22.5 மீட்டர் அகலம், 60 செ.மீ. கனம். துபாய் மாலில் உள்ளது 75 செ.மீ. கனம். ஆனால் இதே பொருள் கண்ணாடியைவிட இருபது மடங்குக்கும் மேல் எளிதாக வளையும். சூட்டுக்கு ஏறக்குறைய எட்டு மடங்கு அதிகமாக விரியும்: 8 அடிப் பலகை, 20 டிகிரி மாற்றத்துக்கு 3 மி.மீ.க்கும் மேல் நீளும். பெரிய அக்ரிலிக் தொட்டி ஓயாமல் லேசாக வளைந்து, விரிந்து, சுருங்கிக்கொண்டே இருக்கிறது.

அதன்மேல் விழும் சுமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 8 அடி நீளம், 2½ அடி அகலம், 2½ அடி உயரம் கொண்ட தொட்டி. ஏறக்குறைய 1,400 லிட்டர் பிடிக்கும். மேல்மட்டத்தில் அழுத்தம் இல்லை, அடியில் முழு அழுத்தம். சராசரியை எடுத்து முன்பலகையின் பரப்பால் பெருக்கினால் ஏறக்குறைய 700 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் வருகிறது. ஒரு சிறிய கார் அந்தப் பலகைமேல் சாய்ந்து நிற்கிறது என்று கொள்ளலாம், இரவும் பகலும். தொட்டியின் அகலத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்தக் கணக்கில் ஆழம்தான் எஜமான்.

அக்ரிலிக் பலகையைச் சட்டென்று இழுத்துப் பார்த்தால் 70 மெகாபாஸ்கல் அளவு தகைவுவரை, அதாவது ஓரலகுப் பரப்பில் விழும் விசைவரை, தாங்கும். ஆனால் தொட்டி கட்டுபவர்கள் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டவிட மாட்டார்கள். சுமை ஆண்டுக்கணக்கில் நிற்கப் போகிறது என்பது ஒரு காரணம். எங்காவது ஒரு விரிசல் தொடங்கிவிட்டால் சராசரித் தகைவுக்கு மதிப்பே இல்லாமல் போகிறது என்பது பெரிய காரணம். 1913இல் சார்லஸ் இங்லிஸ் கணக்கிட்டுக் காட்டியது இது: பலகையில் உள்ள ஓட்டையின் முனை எவ்வளவு கூர்மையோ, அந்த அளவுக்குத் தகைவு அந்த முனையில் குவியும். 8 செ.மீ. நீள விரிசலின் முனை ஒரு மைக்ரான் அளவுக்குக் கூராக இருந்தால், முனையில் தகைவு சுற்றுப்புறத்தைவிட 400 மடங்கு. கிரிஃபித்தின் வாதத்தைச் சென்ற அத்தியாயத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம்: விரிசல் நீள்வதால் விடுபடும் மீள் ஆற்றல், புதிய பரப்பை உண்டாக்கத் தேவையான ஆற்றலைவிடக் கூடினால் விரிசல் தானே ஓடும். அக்ரிலிக்குக்கு அந்தக் கணக்கைப் போட்டால், 5 மெகாபாஸ்கல் தகைவில் நிற்கும் பலகையில் ஊடுருவிய விரிசல் ஏறக்குறைய 2.5 செ.மீ.யை எட்டியதும் ஓடத் தயாராகிவிடும். தகைவைப் பாதியாக்கினால் அந்த நீளம் நான்கு மடங்காகி 10 செ.மீ. ஆகிறது. இந்த ஒரு உறவை மனத்தில் வைத்துக்கொண்டால் பழுதுபார்க்கும் வேலையில் பாதி புரிந்துவிடும்.

அந்த நீளத்தை எட்டாத விரிசல் அசையாமல் கிடக்குமா என்றால், கிடக்காது. அக்ரிலிக் கண்ணாடிபோல் வெறும் நொறுங்கும் பொருள் அல்ல. விரிசல் முனைக்கு முன்னால் ஒரு சின்னப் பகுதியில் சங்கிலிகள் இழுபட்டு, நெருங்கிய நூல்களாக நீண்டு நிற்கின்றன. நூல்களுக்கு நடுவே வெற்றிடம். 1960களில் ரோஜர் கேம்பூர் போன்றவர்கள் இந்தப் பகுதியை ஆராய்ந்து, அதில் பாதி அளவு பொருள் இன்னும் மிச்சமிருப்பதைக் காட்டினார்கள். முன்பு சொன்ன மயிரிழைப் பிளவு இதுவேதான், முனையில் மட்டுமின்றிப் பரப்பெங்கும் தோன்றியது. நூல்கள் சுமையைத் தாங்குகின்றன, அதனால் அங்கே தொட்டி கசியாது. ஆனால் நாள்பட நூல்கள் ஒவ்வொன்றாக அறுகின்றன. அறுந்த இடம் விரிசலாகிறது. முனை ஒரு படி முன்னே போகிறது.

நூல்களை விரைந்து அறுப்பவை சில திரவங்கள். கண்ணாடி துடைக்க வாங்கும் அமோனியா கலந்த நீலத் திரவம், ஸ்பிரிட், அசிட்டோன். இவற்றில் அசிட்டோன் தகைவில்லாத அக்ரிலிக்கைக்கூடக் கெடுக்கும். தகைவுள்ள இடத்தில் இவற்றில் எது பட்டாலும் சில நிமிடங்களிலேயே கோடுகள் கிளம்பலாம். தொட்டியைப் பளபளப்பாக வைக்க நினைத்துத் துடைத்தவரின் கையாலேயே விரிசல் பிறப்பது உண்டு. இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே எத்தனையோ தொட்டிகள் பிழைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும்.

காயவைப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். பல மாதம் நீரில் இருந்த அக்ரிலிக் தன் எடையில் 2 விழுக்காடு அளவுக்குத் தண்ணீரை உறிஞ்சி, கொஞ்சம் விரிந்திருக்கும். வெயிலில் போட்டோ சூடான காற்றை ஊதியோ வேகமாகக் காயவைத்தால் மேல்தோல் முதலில் சுருங்கும், உள்ளே சுருங்காது. தோலில் இழுவிசை பிறக்கும். தண்ணீர் தந்த சுமையைவிட இது பலவேளை பொல்லாதது. காலி செய்த தொட்டியில் ஒரு வாரத்தில் புதிதாகக் கோடுகள் தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இனி ஒட்டுவது. விரிசலைக் கண்டவுடன் பலர் கை சிலிக்கான் குழாய்க்குத்தான் போகும். கண்ணாடித் தொட்டியில் அது அற்புதமான பொருள். கண்ணாடியும் சிலிக்கானும் சிலிக்கன்–ஆக்ஸிஜன் பிணைப்புகளால் ஆனவை, ஒன்றையொன்று வேதியியலாகவே பற்றிக்கொள்ளும். அக்ரிலிக் பரப்பில் அதற்குப் பற்றிக்கொள்ள அப்படி எதுவும் இல்லை. காய்ந்த பிறகு விளிம்பைப் பிடித்து இழுத்தால் நாடாவாக உரிந்து வரும். எபாக்ஸி அதைவிடத் தேவலாம், ஆனால் அதுவும் மேலே ஒட்டியிருக்கும் அந்நியப் பொருள்தான். வளைவும் விரிவும் வேறாக இருப்பதால் விளிம்பில் கிளம்பிவிடும்.

அக்ரிலிக்கை ஒட்டும் சரியான வழி வேறு. 1981இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஹென்னிங் கௌஷ் குழுவினர் வெளியிட்ட சோதனை அதை அழகாக விளக்குகிறது. அக்ரிலிக் துண்டை உடைத்தார்கள். உடைந்த முகங்களை மறுபடி சேர்த்து அழுத்தி, அந்தப் பொருள் இளகத் தொடங்கும் 105 டிகிரிக்குச் சற்று மேலே சூடாக்கி, வெவ்வேறு நேரம் வைத்திருந்து, ஆறியபின் மறுபடி உடைத்துப் பார்த்தார்கள். பசை எதுவும் இல்லை. ஆனாலும் முகங்கள் சேர்ந்திருந்தன. போதிய நேரம் கொடுத்தபோது, முதன்முறை உடைக்கத் தேவைப்பட்ட வலிமைக்கே திரும்பின. வலிமை, நேரத்தின் நான்காம் மூலத்துக்கு ஏற்ப வளர்ந்தது: இரட்டிப்பு வலிமைக்குப் பதினாறு மடங்கு நேரம். நீண்ட சங்கிலி தன்னைச் சூழ்ந்த சிக்கலுக்கு நடுவே தலையை முன்னே நீட்டி ஊர்ந்து வெளியேறுகிறது என்று 1971இல் பியர்-ஜில் த ஜென் சொன்ன கோட்பாட்டிலிருந்து வருவதும் இதே நான்காம் மூலம்தான். சூடாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய இடியாப்பங்கள் ஆறியபின் தனித்தனியாகப் பிரிய மறுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு முகம் நூல்கள் நுழைந்து சிக்கிக்கொண்டால் அங்கே எல்லைக்கோடு என்று ஒன்று கிடையாது. அக்ரிலிக்கில் பழுதுபார்ப்பது என்பது சங்கிலிகளை மறுபடி சிக்கவைப்பதுதான், வேறொன்றும் இல்லை.

முழுத் தொட்டியையும் 105 டிகிரிக்குச் சூடாக்கினால் அது உருக்குலைந்துவிடும். அந்தச் சூட்டின் வேலையை அறை வெப்பத்திலேயே செய்வதற்குத்தான் கரைப்பான். டைகுளோரோமீத்தேன் போன்ற சின்ன மூலக்கூறு சங்கிலிகளுக்கு நடுவே நுழைந்து அவற்றைத் தளர்த்துகிறது. இளகும் வெப்பநிலை அறை வெப்பத்துக்கும் கீழே இறங்குகிறது. முகங்கள் கூழாகின்றன, சங்கிலிகள் ஊர்ந்து கலக்கின்றன. பிறகு கரைப்பான் மெல்ல வெளியேற, கூழ் மறுபடி கெட்டிப்படுகிறது. சில நிமிடங்களில் கையில் எடுக்கலாம், ஆனால் முழு வலிமை வர நாட்கள், கடைசிக் கரைப்பான் வெளியேற வாரங்கள் ஆகும். தொட்டியை அடுத்த நாளே நிரப்பக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். இந்த ஆவியை அலட்சியமாக எண்ண வேண்டாம். உடலுக்குள் போன டைகுளோரோமீத்தேனின் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறி இரத்தத்தின் ஆக்ஸிஜனைப் பறிக்கிறது. தொட்டிக்குள் தலையை நுழைத்து வேலை செய்பவருக்கு இது உயிர் போகும் விஷயம். ஆவி காற்றைவிடக் கனமானதால் தொட்டியின் அடியில்தான் தேங்கும். காற்றோட்டமும் துணைக்கு ஓர் ஆளும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

தண்ணீர்போல் ஓடும் அந்தத் திரவத்தை ஊசியால் விரிசலின் வாயில் விட்டால் நுண்புழை ஈர்ப்பால் உள்ளே ஓடிவிடும். பார்க்க மிக எளிது, கோடும் மறைந்துவிடும். ஆனால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பழைய விரிசலின் முகங்களில் சுண்ணமும் பாசியும் படிந்திருக்கும். சங்கிலி சங்கிலியைத் தொட முடியாது. இன்னொரு பெரிய ஆபத்து: முனையில் இன்னும் தகைவு மிச்சமிருந்தால், கரைப்பான் அங்கே ஒட்டாது, அறுக்கும். கண்ணெதிரே விரிசல் மேலும் ஒரு விரற்கடை ஓடிவிடும். கோடு மறைவதும் வலிமைக்குச் சான்றல்ல. இடைவெளியை 1.49 எண் கொண்ட எதை வைத்து நிரப்பினாலும் கோடு மறையத்தான் செய்யும்.

எனவே வேலை முனையில்தான் தொடங்க வேண்டும். விரிசலின் இரண்டு முனையிலும் 6 மி.மீ. துளை போடுவார்கள். கண்ணுக்குத் தெரியும் முனைக்குச் சற்று முன்னே தள்ளிப் போட வேண்டும். நூல்கள் நிற்கும் பகுதி அங்கே இருக்கிறது. அதே 8 செ.மீ. விரிசலுக்கு முனை ஆரம் ஒரு மைக்ரானிலிருந்து 3 மி.மீ. ஆனவுடன் இங்லிஸின் கணக்குப்படி 400 மடங்கு வெறும் எட்டு மடங்காக இறங்கிவிடுகிறது. ஓட்டையைப் போட்டு ஒரு பொருளை உறுதிப்படுத்துவது என்பது முதலில் நம்பக் கடினமாக இருக்கும்; விமானத் தகடுகளிலும் இதே உத்தியைக் கையாளுகிறார்கள். இரும்புக்கான டிரில் பிட் அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்து, மறுபக்கம் வெளிவரும்போது உடைத்துவிடும். அதன் வெட்டுமுனையை மழுக்கி, பின்னால் ஒரு மரக்கட்டையை அணைத்து, உருகாதபடி மெதுவாக ஓட்ட வேண்டும்.

பிறகு விரிசலை அதன் நீளம் முழுவதும் 'வி' வடிவ வாய்க்காலாகச் சுரண்டி, அழுக்குப் படிந்த முகங்களை நீக்கிவிட வேண்டும். நிரப்புவதற்கு இரண்டு பாகமாக வரும் அக்ரிலிக் பசை: மெத்தில் மெத்தாக்ரிலேட்டில் கொஞ்சம் அக்ரிலிக்கையே கரைத்துக் கெட்டியாக்கிய பாகு ஒரு புட்டியில், வினையைத் தொடங்கும் பெராக்சைடு இன்னொன்றில். பல் மருத்துவர்கள் பல்செட் செய்வதும், எலும்பு மருத்துவர்கள் இடுப்பு மூட்டைப் பதிப்பதும் இந்த வேதியியலில்தான். பாகு முதலில் வாய்க்காலின் சுவர்களைக் கொஞ்சம் கரைத்து உள்ளே நுழைகிறது. பிறகு அங்கேயே புதிய சங்கிலிகளாக வளர்ந்து பழையவற்றோடு சிக்கிக்கொள்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த இடம் இது. ஒட்டும் பொருளும் ஒட்டப்படும் பொருளும் ஒன்றே ஆகிவிடுகின்றன.

இதிலும் இரண்டு இடர்கள் உண்டு. தூய திரவம் திடமாகும்போது கனஅளவில் 21 விழுக்காடு சுருங்கும். பாகில் ஏற்கெனவே கரைந்த அக்ரிலிக் இருப்பதால் சுருக்கம் குறையும், இல்லாமல் போகாது. ஆழமான வாய்க்காலை ஒரே மூச்சில் நிரப்பினால் சுருங்கும் பசை சுவர்களை உள்ளே இழுத்துப் புதிய தகைவை விதைத்துவிடும். இரண்டாவது, வெப்பம். சங்கிலி வளரும் வினை வெப்பத்தை உமிழ்கிறது. பாகு கெட்டிப்படக் கெட்டிப்பட, வளரும் சங்கிலிகளின் முனைகள் ஒன்றையொன்று சந்தித்து நின்றுபோவது கடினமாகிறது. புதிய மூலக்கூறுகள் மட்டும் வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன. வினை தன்னைத் தானே முடுக்கிக்கொள்கிறது. டிராம்ஸ்டார்ஃப் விளைவு என்று இதற்குப் பெயர். மெத்தில் மெத்தாக்ரிலேட் 101 டிகிரியில் கொதிக்கும். கனமாக ஊற்றிய பசையின் நடுவில் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும்; உறைந்தபின் உள்ளே தெரியும் குமிழிகள் காற்றல்ல, கொதித்த பசை. மெல்லிய அடுக்காக ஊற்றி, ஒன்று உறைந்து ஆறியபின் அடுத்ததை ஊற்றுவதே வழி. 60 செ.மீ. கனப் பலகையைச் செய்பவர்களும் ஒரே வார்ப்பாக ஊற்றாமல் பலகை பலகையாக அடுக்குவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

நிரப்பிய விரிசலை மட்டும் நம்பிப் பெரிய தொட்டியில் தண்ணீர் விட முடியாது. அதன்மேல் இன்னொரு அக்ரிலிக் பலகையை ஒட்ட வேண்டும், அதுவும் உள்பக்கத்தில். வெளியே ஒட்டினால் தண்ணீர் விரிசல் வழியே வந்து பலகையை வெளியே தள்ளும்; உள்ளே ஒட்டினால் அதே தண்ணீர் பலகையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். ஒட்டுகள் வழுக்கும் விசையை நன்றாகத் தாங்கும், உரிக்கும் விசையைத் தாங்காது. பலகை விரிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் நான்கு விரலாவது நீள வேண்டும், மூலைகள் வட்டமாக இருக்க வேண்டும்; கூர்மூலை என்பது அடுத்த விரிசலின் பிறப்பிடம். வார்ப்பு அக்ரிலிக்கையே கேட்டு வாங்க வேண்டும். பிழிந்தெடுக்கும் முறையில் செய்த மலிவான தகடுகளின் சங்கிலிகள் குட்டையானவை, உள்ளே தகைவும் உறைந்திருக்கும். பசை பட்டதும் கோடு விடும். விளிம்பைத் தீச்சுவாலையில் காட்டிப் பளபளப்பாக்கும் கடைக்காரரிடம் இந்த வேலைக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூட்டில் சுருங்கிய தோல் கரைப்பானைப் பார்த்ததும் வெடிக்கும். தொட்டியை விரிசல் பக்கம் கீழே வருமாறு படுக்கவைத்து, பசையை நடுவில் ஒரு கோடாக ஊற்றி, பலகையைச் சாய்வாக இறக்கினால் காற்று வெளியேறிவிடும். முன்பு கணக்கிட்ட 8 அடித் தொட்டி வெறுமையாகவே இருநூறு கிலோவை நெருங்கும், புரட்ட நான்கைந்து பேர் வேண்டும்.

எல்லாம் செய்தாலும் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது: விரிசல் ஏன் வந்தது? மேடை சமமாக இல்லாமல் அடிப்பலகை ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்ததா? மேல் விளிம்பைச் சுற்றியுள்ள பட்டை உள்மூலையில் கூராக வெட்டப்பட்டதா? பலகை முதலிலேயே மெலிந்ததா? அந்தக் காரணம் அப்படியே இருந்தால் ஒட்டிய இடம் நிற்கும், பக்கத்து இடம் போகும். ஒட்டு முழுவதும் மயிரிழைப் பிளவு பரவிய தொட்டியையும், இரண்டு பலகை சேரும் மூலையைக் குறுக்கே கடந்த விரிசலையும் ஒட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பலகையை மாற்ற வேண்டும், அல்லது தொட்டியைத் தரையில் வைத்துச் செடி வளர்க்கலாம்.

எச்சரிக்கை கிடைக்காமல் போகவும் கூடும். பெர்லினில் ஒரு ஹோட்டலின் கூடத்தில் நின்ற அக்வாடோம், நடுவே மின்தூக்கி ஓடும் உருளைத் தொட்டி, பத்து லட்சம் லிட்டர் கடல்நீர், ஏறக்குறைய 1,500 மீன்கள். வளைந்த அக்ரிலிக் பலகைகளை ஒட்டி எழுப்பியது. 2003 கடைசியில் திறந்தது. இடையில் நீரை வடித்துப் புதுப்பித்திருந்தார்கள். 2022 டிசம்பர் 16 அதிகாலை, ஆறு மணிக்குச் சற்று முன், அது ஒரே கணத்தில் வெடித்தது. பகல்நேரமாக இருந்திருந்தால் அந்தக் கூடத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. அன்று இருவர் காயமடைந்தனர், தொட்டியின் மீன்கள் ஏறக்குறைய எல்லாமே செத்தன. அக்ரிலிக்கில் ஓடும் விரிசல் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். நொடிக்கு ஏறக்குறைய 330 மீட்டரைத் தாண்டினால் அது நேர்க்கோட்டில் போக முடியாமல் கிளைவிடும் என்பது 1990களின் தொடக்கத்தில் டெக்சஸில் நடந்த சோதனைகளில் தெரிந்தது. அதனால் உடைந்த முகம் தொடக்கத்தில் வழவழப்பாகவும் போகப்போகச் சொரசொரப்பாகவும் இருக்கும். சில்லுகளைப் பொறுக்கி, வழவழப்பான இடத்தைத் தேடிப்போனால் பிறப்பிடத்தை அடையலாம். பெர்லினிலும் சில்லுகளை ஆராய்ந்தார்கள். ஒட்டில் கோளாறு, புதுப்பிப்பின்போது அடியில் விழுந்த வடு எனச் சில சாத்தியங்களைச் சொன்னார்கள். இதுதான் என்று ஒன்றை நிறுவ முடியவில்லை. 2010இல் துபாய் மால் தொட்டியில் பலகைகள் சேரும் இடத்தில் கசிவு கண்டபோது உடனே மக்களை வெளியேற்றிச் சரிசெய்ய முடிந்தது. கசிவு ஒரு வகையில் கருணை.

பழுதுபார்த்த தொட்டியை நிரப்பும்போது ஒரு கணக்கு உதவும். பலகைமேல் விழும் மொத்தத் தள்ளல் ஆழத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. அடி ஒட்டைப் பிரிக்கப் பார்க்கும் திருப்புவிசை ஆழத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது. பாதி நிரப்பிய தொட்டி முழுத் தள்ளலில் கால்பங்கைத்தான் பார்த்திருக்கிறது, திருப்புவிசையில் எட்டில் ஒரு பங்கைத்தான். முக்கால் நிரம்பியபோதும் தள்ளல் 56 விழுக்காடுதான். உண்மையான சோதனை கடைசிக் கால்பங்கில் நடக்கிறது. அதனால் அங்கே நாளுக்கு இரண்டு மூன்று விரல் என்று ஏற்றி, விரிசல் முனைகள் இருந்த இடங்களை வெளியே மெழுகுப் பென்சிலால் குறித்து, மாதக்கணக்கில் அவற்றைப் பார்த்துவர வேண்டும். குறியைத் தாண்டி ஒரு கோடு தெரிந்தால் மறுபடி ஒட்ட வேண்டாம், பலகையை மாற்றுங்கள். இதே கணக்கு ஒரு மலிவான மருந்தையும் தருகிறது. 76 செ.மீ. ஆழத் தொட்டியில் நீர்மட்டத்தை 10 செ.மீ. குறைத்தால் தள்ளல் கால்பங்கு குறையும், திருப்புவிசை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். வெளியேறும் குழாயை அந்த அளவுக்கு இறக்கி வைத்து, மேல் விளிம்பில் ஓடும் கறுப்புப் பட்டையைக் கொஞ்சம் அகலமாக ஒட்டிவிட்டால், குறைந்த மட்டம் முன்னால் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.